வில்சன் நோய்க்கு எம்.ஆர்.ஐ.: கோத்தகிரியிலிருந்து கோவைக்கு இறங்கும் முன்

கல்லூரி இரண்டாம் ஆண்டில் என் தம்பியின் கையெழுத்து சிறுத்துக்கொண்டே போனது. அப்புறம் பேச்சு குழறியது. டீ டம்ளரை நீட்டினால் வாங்கும் கை ஆடி, பாதி டீ தரையில் போகும். ஊரில் ‘ஏதோ பழக்கம் ஒட்டிக்கிச்சு’ என்றார்கள். அப்பா அவனோடு பேசுவதையே நிறுத்தினார். இப்படி எட்டு மாதம் வீணானது. கடைசியில் ஒரு நரம்பியல் மருத்துவர் அவன் கண்ணை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “வீட்ல வேற யாருக்காவது மஞ்சக்காமாலை வந்திருக்கா?” என்று கேட்டார். அன்றுதான் வில்சன் நோய் என்ற பெயரையே கேள்விப்பட்டோம்.

சாப்பாட்டில் வரும் செம்பில் மிஞ்சியதைக் கல்லீரல் பித்தத்தோடு வெளியே தள்ள வேண்டும். அது நடக்காமல் முதலில் கல்லீரலிலும் அப்புறம் மூளையிலும் செம்பு தேங்குவதுதான் இந்த நோய். பரம்பரையாக வருவது. ஆனால் மருந்து இருக்கிறது. சீக்கிரம் கண்டுபிடித்தால் பெருமளவு திரும்பி வரலாம். அந்த எட்டு மாதம் இன்னும் உறுத்துவது அதனால்தான்.

நாங்கள் அலைந்த அலைச்சலை நீலகிரியில் இருக்கும் இன்னொரு குடும்பம் அலைய வேண்டாம் என்று இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. மருந்தின் அளவு, ஊசி எல்லாம் உங்கள் டாக்டர் சொல்வதுதான்.

1. நேராக ஸ்கேனுக்கு ஓடாதீர்கள்

நாங்கள் செய்த முதல் தவறு இது. எம்.ஆர்.ஐ. எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று நினைத்தோம். இந்த நோயில் ஸ்கேன் ஒரு சாட்சிதான், தீர்ப்பு இல்லை. அதற்கு முன்னால் மூன்று சோதனைகள் இருக்கின்றன, மூன்றும் ஸ்கேனைவிட மலிவு.

ரத்தத்தில் செருலோபிளாஸ்மின். இது செம்பைச் சுமக்கும் புரதம். டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே வந்தால் சந்தேகம், 10-க்குக் கீழே வந்தால் பலத்த சந்தேகம். தம்பிக்கு 6 வந்தது. ஒரு எச்சரிக்கை: காய்ச்சல், கிருமித் தொற்று, கர்ப்பம் இருக்கும்போது இந்த அளவு தானாகவே ஏறும். சளி காய்ச்சலோடு போய் ரத்தம் கொடுத்துவிட்டு ‘நார்மல்’ என்று நிம்மதியாகத் திரும்பாதீர்கள்.

அடுத்தது கண். கருவிழியின் ஓரத்தில் பழுப்பும் பச்சையும் கலந்த வளையம் இருக்கிறதா என்று ஸ்லிட் லேம்ப் கருவியில் பார்ப்பார்கள். நரம்பு அறிகுறி வந்தவர்களில் பெரும்பாலானோருக்கு இது இருக்கும். கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பதும் இதுவும் ஒன்றல்ல. கண் டாக்டரிடம் ‘வில்சன் நோய் வளையம் இருக்கிறதா பார்க்க வேண்டும்’ என்று சொல்லியே கேளுங்கள். பத்து நிமிட வேலை, வலி இல்லை.

மூன்றாவது, 24 மணி நேரச் சிறுநீரில் செம்பின் அளவு. இதற்குத் தனித் தலைப்பே வேண்டும்.

2. அந்த ஐந்து லிட்டர் கேன்

இதை மலையில் சேகரித்துக் கோவைக்குக் கொண்டுபோகலாம் என்று நினைத்தோம். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திரும்பத் திரும்ப, சீட்டுக்கு அடியில் இருந்த கேன் உருண்டு மூடி இளகியது. பாதி மலை இறங்கியபோது பஸ்ஸே எங்களைத் திரும்பிப் பார்த்தது. அம்மா தன் கம்பளிச் சால்வையைப் போட்டுத் துடைத்தார். அதைவிடக் கொடுமை, கொஞ்சம் சிந்தினாலும் அளவு தப்பு, முழுதும் மறுபடி எடுக்க வேண்டும்.

அதனால் கோவையிலோ மேட்டுப்பாளையத்திலோ சொந்தக்காரர் வீட்டில், இல்லையென்றால் லாட்ஜில் ஒரு நாள் தங்கி அங்கேயே எடுங்கள். முறை இதுதான்: காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரைக் கேனில் பிடிக்காமல் விட்டுவிட்டு மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு போவது ஒரு சொட்டு விடாமல் கேனுக்கு. மறுநாள் அதே மணிக்குப் போவதும் கேனுக்கு. அத்தோடு முடிந்தது. கேன் லேபிலேயே கொடுப்பதாக இருக்க வேண்டும். வீட்டுப் பாத்திரத்தில், அதுவும் செம்பு, பித்தளைச் சொம்பில் பிடித்து ஊற்றினால் பாத்திரத்தின் செம்பும் கணக்கில் சேர்ந்துவிடும்.

எங்கள் இரண்டாவது முயற்சியும் வீணானது. தம்பி மறந்துபோய் ஒருமுறை ஹோட்டல் பாத்ரூமுக்குப் போய்விட்டான். பாத்ரூம் கதவில் ஒரு காகிதம் ஒட்டிவைத்த பிறகு மூன்றாம் முறை சரியாக வந்தது.

நாளொன்றுக்கு 40 மைக்ரோகிராமுக்குள் இருந்தால் பொதுவாகச் சரி. அறிகுறி உள்ளவருக்கு 100-ஐத் தாண்டினால் இந்த நோயின் பக்கம் பலமாகச் சாயும்.

3. ஸ்கேன் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள்

முதல் டாக்டர் எழுதிய சீட்டில் இருந்தது ‘எம்.ஆர்.ஐ. பிரெயின், கை நடுக்கம்’ என்பது மட்டுமே. ஸ்கேன் சென்டரில் வழக்கமான படங்களை எடுத்து அனுப்பினார்கள். இரண்டாவது மருத்துவர் அதைப் பார்த்துவிட்டு, தனக்கு வேண்டிய வரிசை (ஒரே இடத்தை ஒவ்வொரு முறையில் எடுக்கும் படத் தொகுப்பு) அதில் இல்லை என்றார். மறுபடி ஸ்கேன், மறுபடி 7,000 ரூபாய்.

சீட்டில் ‘வில்சன் நோய் சந்தேகம்’ என்ற சொற்கள் இருக்க வேண்டும். அப்போதுதான் டி2, ஃப்ளேர், டிஃப்யூஷன் வரிசைகளோடு, உலோகப் படிவைக் காட்டும் எஸ்.டபிள்யூ.ஐ. வரிசையும் எடுப்பார்கள், படம் படிக்கும் டாக்டரும் மூளையின் நடுப்பகுதியையும் மூளைத் தண்டையும் தேடிப் பார்ப்பார். செருலோபிளாஸ்மின் ரிப்போர்ட்டின் நகலையும் சீட்டோடு சேர்த்துப் பின் செய்துவிடுங்கள்.

இந்த நோய்க்குப் பெரும்பாலும் கான்ட்ராஸ்ட் ஊசி, அதாவது படத்தில் சில இடங்களை எடுப்பாகக் காட்ட ஏற்றும் மருந்து, தேவைப்படாது. கவுன்டரில் ‘கான்ட்ராஸ்ட் சேர்த்தா?’ என்று கேட்டால், டாக்டர் எழுதியிருந்தால் மட்டும் சரி சொல்லுங்கள். எழுதியிருந்தால் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்த ரிப்போர்ட்டும் கேட்பார்கள். அது இல்லாமல் போய்த் திரும்பி வந்தவர்களை வரிசையிலேயே பார்த்தேன்.

4. காப்பீட்டு அட்டை, பணம்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வி.ஏ.ஓ. தரும் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, எல்லோருடைய ஆதாரும் எடுத்துக்கொண்டு உதகையில் கலெக்டர் ஆபீசில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். கிளம்பும் முன் ஒரு வேலை: ரேஷன் கார்டில் இருக்கும் பெயரும் ஆதாரில் இருக்கும் பெயரும் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். தம்பிக்கு ஒன்றில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால். அதைச் சரிசெய்யவே மூன்று வாரம் ஆனது. நோய் உறுதியாகும் வரை காத்திருக்காமல் சந்தேகம் வந்த அன்றே இந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

இது பணம் கட்டாமல் சிகிச்சை பெறும் திட்டம். திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியில், முன் அனுமதி வாங்கிய பிறகு செய்வதுதான் கணக்கு. வெளியே ஸ்கேன் எடுத்துவிட்டு பில்லைக் கொண்டுபோய் நீட்டினால் வேலைக்கு ஆகாது. எல்லாப் பரிசோதனையும் இதில் வராது என்பதால், ஆஸ்பத்திரியின் காப்பீட்டு மேசையில் சீட்டைக் காட்டி ‘இது வருமா?’ என்று கேட்டுவிட்டுத்தான் தேதி வாங்க வேண்டும்.

திருச்சி சாலையில் இருக்கும் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் செலவு மிகக் குறைவு, காத்திருப்பு கூடுதல். அவசரத்தில் நாங்கள் தனியாரில் எடுத்தோம். எங்கள் நோட்டில் இருக்கும் கணக்கை அப்படியே தருகிறேன்: ஸ்கேன் 7,000, மயக்க மருந்துக்குத் தனியாக 2,500, செருலோபிளாஸ்மின் 1,100, சிறுநீர் செம்பு 1,800, மரபணுச் சோதனை 16,000. லாட்ஜ், சாப்பாடு, ஆட்டோ எல்லாம் சேர்ந்து ஒவ்வொரு முறையும் 3,000-க்குக் குறையவில்லை. உங்களுக்கு முன்பின் ஆகும்.

5. மலை இறங்கும் நாள்

காலை 9 மணிக்கு ஸ்கேன் என்றால் அன்று விடியற்காலை கிளம்பிப் போய்விடலாம் என்று தோன்றும். வேண்டாம், முந்தைய நாளே இறங்கிவிடுங்கள். மயக்கம் கொடுத்து ஸ்கேன் எடுப்பதென்றால் வெறும் வயிறு வேண்டும். வெறும் வயிற்றோடு மலைப்பாதையில் இறங்கினால் வாந்தி நிச்சயம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரிந்து பாதையை அடைத்துவிடுவது நமக்குப் புதிதல்ல. குன்னூர் வழி அடைத்தால் கோத்தகிரி வழி, அதுவும் இல்லையென்றால் மஞ்சூர், கெத்தை, காரமடை என்று சுற்ற வேண்டும். ஏப்ரல், மே சீசனில் ஒருவழிப் பாதை ஆக்கிவிடுவார்கள், ஏறுவது குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி. குன்னூர்க்காரர்கள் இதைக் கணக்கில் வையுங்கள். அவசரமில்லாத மறு ஸ்கேனுக்கு ஜனவரி, பிப்ரவரியில் தேதி கேட்டு வாங்குவது எங்கள் வழக்கம்.

பெங்களூரில் இருக்கும் நிம்ஹான்ஸ் என்ற மனநல, நரம்பியல் மருத்துவமனைக்கு அனுப்பினால், கூடலூர், முதுமலை வழியாகப் போகிறவர்கள் பந்திப்பூரில் இரவு 9 முதல் காலை 6 வரை வாகனத் தடை இருப்பதை மறக்க வேண்டாம்.

6. ஸ்கேன் அறையில்

“உடம்பு பூரா செம்பு இருக்குன்னு சொல்றாங்களே, காந்தம் இழுத்துக்காதா?” என்று அம்மா டெக்னீஷியனிடம் கேட்டார். அவர் சிரிக்கவில்லை, நல்ல மனிதர். “செம்பைக் காந்தம் இழுக்காதும்மா. அந்த இடுப்புக் கயிறைக் கழட்டுங்க, அதுதான் இழுக்கும்” என்றார்.

அரைஞாண் கயிற்றில் கோத்த தாயத்து, கொலுசு, மெட்டி, ஹேர்பின், ஊக்கு எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வையுங்கள். நம் ஊர் ஆட்களுக்குத் தனியாக ஒன்று: ஸ்வெட்டரின் ஜிப், ஜெர்கினின் பட்டன். ஸ்கேன் அறையில் ஏ.சி. குளிர் அதிகம் என்று உள்ளே போட்டுக்கொண்டு போகிறோம், அங்கே கழற்றச் சொல்வார்கள். ஜிப் இல்லாத பருத்தி பனியன் இரண்டு போதும். போர்வை அவர்களே தருவார்கள். பேஸ்மேக்கர், தலையில் கிளிப், காதுக்குள் வைத்த கருவி எது இருந்தாலும் தேதி வாங்கும்போதே சொல்ல வேண்டும். பல்லில் கம்பி போட்டிருந்தால் படம் அந்தப் பக்கம் கெடும், அதையும் சொல்லுங்கள்.

இதில் கதிர்வீச்சு கிடையாது. அரை மணி நேரம் போல அசையாமல் படுக்க வேண்டும், சத்தம் பலமாக இருக்கும், காதுக்குப் பஞ்சு தருவார்கள். கையில் ஒரு ரப்பர் பந்து கொடுப்பார்கள், பயம் வந்தால் அழுத்தினால் வெளியே எடுத்துவிடுவார்கள்.

எங்களுக்குப் பிரச்சினை அசைவில்தான் வந்தது. உடம்பு ஆடுவதுதானே நோயே, அவனை எப்படி அசையாமல் படுக்கச் சொல்வது? முதல் முறை எடுத்த படம் ஓடும் பஸ்ஸிலிருந்து எடுத்த போட்டோ மாதிரி இருந்தது. நடுக்கமோ இழுப்போ இருந்தால் மயக்க மருந்து டாக்டர் இருக்கும் நாளாகக் கேட்டுத் தேதி வாங்குங்கள். சாப்பாடு 6 மணி நேரத்துக்கு முன்பே நிற்க வேண்டும், வெறும் தண்ணீர் 2 மணி நேரத்துக்கு முன்பு வரை. சளி, இருமல் இருந்தால் மயக்கம் கொடுக்க மறுத்து அனுப்பிவிடுவார்கள். பனிக்காலத்தில் மூக்கு ஒழுகாத பிள்ளை நம் ஊரில் ஏது? கிளம்பும் முந்தின நாள் போன் செய்து கேட்டுவிடுங்கள், ஒரு பயணம் மிச்சமாகும்.

7. ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது

தம்பியின் ரிப்போர்ட்டில் இருந்த சொற்களை டாக்டர் எங்களுக்கு விளக்கியது இப்படி. ‘டி2 ஹைப்பர்இன்டென்ஸ்’ என்றால் அந்த இடம் படத்தில் வழக்கத்தைவிட வெளுத்துத் தெரிகிறது. ‘பைலேட்டரல் சிமெட்ரிக்’ என்றால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. பியூட்டமன், தலாமஸ், நடுமூளை, பான்ஸ் என்பவை இடங்களின் பெயர்கள். அசைவையும் பேச்சையும் சீராக வைத்திருப்பதில் இவற்றுக்குப் பங்கு உண்டு. ‘அட்ரோபி’ என்றால் சுருக்கம். வெளுத்துத் தெரிவது மருந்தில் குறையலாம், சுருக்கம் அவ்வளவு எளிதில் திரும்பாது.

நடுமூளையின் குறுக்குவெட்டில் சிலருக்குப் பாண்டாக் கரடியின் முகம் போல ஓர் உருவம் தெரியும். டாக்டர் திரையில் காட்டியபோது தம்பியே சிரித்துவிட்டான். அது இல்லையென்றால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை, பலருக்குத் தெரியாது.

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால் இதை வையுங்கள்: ஸ்கேன் நார்மல் என்பதால் வில்சன் நோய் இல்லை என்று ஆகாது. நரம்பு அறிகுறி வந்தவர்களுக்குப் பெரும்பாலும் படத்தில் தெரியும். கல்லீரலில் மட்டும் இருப்பவர்களுக்கும், இன்னும் எந்த அறிகுறியும் வராதவர்களுக்கும் படம் சுத்தமாகவே இருக்கலாம்.

8. சிடியை வாங்காமல் வெளியே வராதீர்கள்

கவுன்டரில் ஃபிலிமும் ஒரு தாள் ரிப்போர்ட்டும் கொடுப்பார்கள். போதும் என்று வந்துவிட்டோம். ஒரு வருடம் கழித்துப் பழைய படங்கள் வேண்டும் என்று கேட்டபோது, அந்த சென்டரில் ‘அழிச்சிட்டோமே’ என்றார்கள். ஃபிலிமில் இருப்பது பொறுக்கிய சில படங்கள்தான், அடுத்த முறை ஒப்பிட்டுப் பார்க்க முழு வரிசையும் வேண்டும். அது சிடியில்தான் இருக்கும். சில இடங்களில் அதற்குத் தனிக் கட்டணம், கொடுத்துவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் அதைப் பென் டிரைவிலும் கம்ப்யூட்டரிலும் போட்டுவையுங்கள். நம் ஊர் ஈரத்தில் சிடியில் பூஞ்சை பிடிக்கும், ஃபிலிம்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிரிக்கும்போது மையோடு உரியும். எங்களிடம் மிச்சமிருந்த முதல் ஃபிலிம் அப்படித்தான் போனது. இப்போது ஒவ்வொன்றுக்கும் நடுவில் செய்தித்தாள் வைத்து, அரிசி டின்னில் போடுவது மாதிரி மூடி இறுகும் டப்பாவில் வைத்திருக்கிறோம்.

9. அடுத்த ஸ்கேன் எப்போது?

மருந்து தொடங்கியதும் சிலருக்கு முதல் சில வாரங்களில் நடுக்கமும் பேச்சும் இன்னும் மோசமாகும், குறிப்பாக செம்பைச் சிறுநீரில் வெளியேற்றும் பெனிசிலமின் கொடுக்கும்போது. தம்பிக்கும் ஆனது. ‘மருந்துதான் கெடுத்துவிட்டது’ என்று நாங்களாகவே நிறுத்தப் பார்த்தோம். நிறுத்தாதீர்கள், அன்றே டாக்டருக்குப் போன் செய்யுங்கள். இந்த நோயில் மருந்தைத் திடீரென்று நிறுத்துவது கல்லீரலுக்கே ஆபத்து. பெனிசிலமின் வெறும் வயிற்றில் சாப்பிடுவது, கூடவே பைரிடாக்சின் (வைட்டமின் பி6) மாத்திரை உண்டு. மலைக் கடைகளில் எப்போதும் கிடைக்காது, ஒரு மாதக் கையிருப்பு வைத்திருங்கள்.

ஸ்கேன் மாதாமாதம் எடுக்கும் விஷயம் இல்லை. மருந்து வேலை செய்கிறதா என்பதை ரத்தமும் சிறுநீரும்தான் முதலில் சொல்லும். மூளைப் படத்தில் மாற்றம் தெரிய மாதங்கள், சிலருக்கு வருடங்கள் ஆகும். எங்கள் டாக்டர் ஒரு வருடம் கழித்து எடுக்கச் சொன்னார், இடையில் புதிதாக ஏதாவது அறிகுறி வந்தால் உடனே. முடிந்தவரை அதே சென்டரில், அதே கருவியில் எடுங்கள். பழைய சிடியைக் கையில் கொடுத்து, ‘இதோடு ஒப்பிட்டு எழுதுங்கள்’ என்று கேளுங்கள். கேட்காவிட்டால் புதிய படத்தை மட்டும் பார்த்து எழுதிவிடுவார்கள். தம்பியின் இரண்டாம் வருடப் படத்தில் தலாமஸின் வெண்மை குறைந்திருந்தது. ஆனால் அதற்கு நான்கு மாதம் முன்னாலேயே அவன் சிந்தாமல் டீ குடிக்கத் தொடங்கிவிட்டான்.

சாப்பாட்டில் ஈரல், நண்டு, இறால், காளான், முந்திரி, பாதாம், சாக்லேட் தவிர்க்கச் சொன்னார்கள். கடைக்குக் கடை ஹோம்மேட் சாக்லேட் விற்கும் ஊரில் இது சின்னத் தண்டனை இல்லை. உடம்புக்கு நல்லது என்று செம்புக் குடத்தில் தண்ணீர் வைக்கும் வழக்கத்தையும் விட்டோம். வர்க்கியைப் பற்றி டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை, நல்லவேளை.

10. கூடப்பிறந்தவர்கள்

அம்மா அப்பாவுக்கு மாமன் மகள். அம்மாவிடம் ஒன்று, அப்பாவிடம் ஒன்று என ஏ.டி.பி.7பி மரபணுவின் கெட்ட பிரதி இருந்திருக்கிறது. இருவருக்கும் நோய் இல்லை. அப்படிப்பட்ட பெற்றோரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர 4-இல் 1 வாய்ப்பு. சொந்தத்தில் கல்யாணம் செய்யாத வீட்டிலும் இது வரலாம், ஆகவே யாரையும் குற்றம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. எங்கள் வீட்டில் அந்தச் சண்டையும் நடந்தது, அதை விடுகிறேன்.

தம்பிக்கு உறுதியானதும் எனக்கும் 14 வயதுத் தங்கைக்கும் சோதனை. இங்கே எம்.ஆர்.ஐ.-யில் தொடங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம். செருலோபிளாஸ்மின், கண், சிறுநீர், கல்லீரல் சோதனை, அப்புறம் மரபணு. நோயாளிக்கு எந்த இரண்டு மாற்றங்கள் என்று முதலில் தெரிந்துவிட்டால், மற்றவர்களுக்கு அவற்றை மட்டும் தேடினால் போதும், செலவும் குறைவு. அதனால் நோயாளியின் மரபணு ரிப்போர்ட்டின் நகல் கட்டாயம் வேண்டும். முடிவு வர எங்களுக்கு ஐந்து வாரம் ஆனது.

எனக்கு ஒரு பிரதி மட்டும், நோய் இல்லை. தங்கைக்கு இரண்டும். துள்ளிக் குதித்து ஓடிக்கொண்டிருந்த பிள்ளை, படிப்பிலும் குறை இல்லை, பின்னால் எடுத்த எம்.ஆர்.ஐ.-யும் நார்மல். ஆனாலும் சாப்பாட்டிலிருக்கும் செம்பு உடம்பில் சேராமல் தடுக்கும் துத்தநாக மாத்திரை தொடங்கியாகிவிட்டது, ஆயுளுக்கும். அவள் படிப்பது விடுதியில். மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் இடைவெளி வேண்டும் என்பதால், நேரத்தைக் குறிப்பிட்டு டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கி வார்டனிடம் கொடுத்தோம். கடிதத்தில் நோயின் பெயர், மாத்திரை நேரம், நிறுத்தக் கூடாது என்ற வரி, அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண் நான்கும் இருக்க வேண்டும். மூன்று நகல் எடுங்கள்: ஒன்று வார்டனுக்கு, ஒன்று வகுப்பு ஆசிரியைக்கு, ஒன்று பிள்ளையின் பைக்குள்.